ஆதியாகமமும் அறிவியலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விவிலியத்தின் முதல் நூல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் என்றும், பொது மொழிபெயர்ப்பில் தொடக்கநூல் என்றும் வழங்குகிறது. அதன் முதல் அதிகாரப்படி முதல் நாள் ஒளி உண்டாகிறது. இரண்டாம் நாள் ஆகாயவிரிவு. மூன்றாம் நாள் நிலமும் மரஞ்செடிகளும். நான்காம் நாள் சூரியன், சந்திரன், விண்மீன்கள். ஐந்தாம் நாள் நீர்வாழ் உயிர்களும் பறவைகளும். ஆறாம் நாள் நிலவிலங்குகளும் மனிதரும். ஏழாம் நாள் ஓய்வு. இந்த வரிசை அறிவியலோடு ஒத்துப்போகிறதா என்ற விவாதத்தில் அடிக்கடி தலைகாட்டும் நம்பிக்கைகள் சிலவும் அவற்றின் உண்மை நிலையும் கீழே தரப்படுகின்றன.

நம்பிக்கை: உலகின் வயது ஆறாயிரம் ஆண்டு என்று விவிலியம் சொல்கிறது.

உண்மை: அப்படி ஒரு வசனம் விவிலியத்தில் இல்லை. அயர்லாந்தின் அர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட நூலில், வம்ச வரலாறுகளில் உள்ள வயதுகளைக் கூட்டி, படைப்பு நிகழ்ந்தது கி.மு. 4004 என்று கணித்தார். யூத நாட்காட்டியின் கணக்கு கி.மு. 3761, பைசாந்திய நாட்காட்டியின் கணக்கு கி.மு. 5509. எபிரேய மூலத்திலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் முன்னோர் மகன்களைப் பெற்ற வயதுகள் வேறுபடுவது இந்த முரண்பாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம். பூமியின் வயதைப் பாறைகளும் விண்கற்களும் காட்டுகின்றன. யுரேனியம் குறிப்பிட்ட வேகத்தில் சிதைந்து ஈயமாக மாறும். விண்கற்களில் உள்ள ஈயத்தின் வகைகளை அளந்து, பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று கிளேர் பேட்டர்சன் 1956-இல் நிறுவினார். பின்வந்த அளவீடுகள் இதை ஏறக்குறைய அப்படியே உறுதிசெய்துள்ளன.

நம்பிக்கை: 'நாள்' என்பதை நீண்ட யுகம் என்று கொண்டால் எல்லாம் பொருந்திவிடும்.

உண்மை: 'யோம்' என்ற எபிரேயச் சொல்லுக்குக் காலப்பகுதி என்ற பொருளும் உண்டு. ஆனால் முதல் அதிகாரம் ஒவ்வொரு நாளுக்கும் மாலை, காலை என்று எல்லை வகுக்கிறது. நாளை எவ்வளவு நீட்டினாலும் வரிசையில் உள்ள சிக்கல் தீர்வதில்லை. கனிதரும் மரங்கள் மூன்றாம் நாளிலேயே தோன்றுகின்றன. கடல் உயிர்கள் ஐந்தாம் நாள்தான் வருகின்றன. புதைபடிவங்களிலோ கடல் விலங்குகள் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருக்கின்றன; பூத்துக் காய்க்கும் தாவரங்கள் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் தென்படத் தொடங்குகின்றன. நிலவிலங்குகளுக்கு முன்பே ஐந்தாம் நாளில் வரும் பறவைகள் உண்மையில் நிலத்தில் நடந்த டைனோசர்களின் வழிவந்தவை. திமிங்கிலங்களின் மூதாதையரோ நான்கு கால்களோடு நிலத்தில் வாழ்ந்த பாலூட்டிகள். சூரியன் பூமிக்குப் பிறகு தோன்றியதும் அல்ல. ஒரே வாயு, தூசு மேகத்திலிருந்து சூரியன் உருவாக, அதைச் சுற்றிய எச்சத்திலிருந்து பூமி திரண்டது.

நம்பிக்கை: முதல் நாள் ஒளி பெருவெடிப்பையே குறிக்கிறது.

உண்மை: ஆதியாகமத்தில் ஒளிக்கு முன்பே ஆழ்ந்த நீர்ப்பரப்பு இருக்கிறது. பெருவெடிப்பில் உருவானவை பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமுமே. நீருக்குத் தேவையான ஆக்சிஜன் பிற்காலத்தில் விண்மீன்களுக்குள் உருவானது. பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்டவர் பெல்ஜியத்தின் கத்தோலிக்கக் குரு ஜார்ஜ் லெமெய்த்ர. பேரண்டம் விரிவடைகிறது என்பதை அவர் 1927-இல் எழுதினார். அது ஒரு தொடக்க அணுவிலிருந்து பிறந்தது என்ற கருத்தை 1931-இல் முன்வைத்தார். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951-இல் ஆற்றிய உரையொன்றில் இந்த அறிவியலைப் படைப்புக் கோட்பாட்டுக்குச் சான்றாகக் காட்டியபோது லெமெய்த்ர அதை ஏற்கவில்லை. தமது கொள்கை மதம் சார்ந்த கேள்விகளுக்கு அப்பாற்பட்டது என்பதே அவர் நிலைப்பாடு.

நம்பிக்கை: ஏவாளுக்காக எடுத்ததால் ஆண்களுக்கு ஒரு விலா எலும்பு குறைவு.

உண்மை: ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக 12 இணை விலா எலும்புகளே உண்டு. உடற்கூற்றியலாளர் வெசாலியஸ் 1543-இல் வெளியிட்ட நூலிலேயே இந்தத் தவறான எண்ணத்தை மறுத்தார். ஆதாமின் சந்ததியாருக்கு எலும்பு குறையும் என்று மூலத்திலும் இல்லை. விலா எலும்பைப் பற்றிய கதை வரும் இரண்டாம் அதிகாரத்தில் மரங்களுக்கும் விலங்குகளுக்கும் முன்பே மனிதன் உருவாக்கப்படுகிறான். முதல் அதிகாரத்தின் வரிசை இதற்கு மாறானது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்கள் அவற்றைக் கால வரிசைக் குறிப்பாகக் கருதியிருந்தால் இந்த வேறுபாட்டை விட்டுவைத்திருக்க மாட்டார்கள்.

நம்பிக்கை: டார்வினுக்குப் பயந்தே கிறிஸ்தவர்கள் உருவகப் பொருள் தேடினர்.

உண்மை: டார்வினின் நூல் வெளிவந்தது 1859-இல். சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாட்கள் எப்படி இருந்திருக்க முடியும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன் கேட்டார். படைப்பு ஒரே கணத்தில் நிகழ்ந்தது என்று கருதிய புனித அகுஸ்தீன், இயற்கையைப் பற்றி அறியாமல் வேதத்தின் பெயரால் பேசுவது வேதத்துக்கே இழுக்கு என்று எச்சரித்தார். நேர்ப்பொருள் கொண்ட சபைத் தந்தையரும் உண்டு. ஆனால் இளம் பூமியை அறிவியலாகவே நிறுவ முயலும் இன்றைய இயக்கம் வலுப்பெற்றது 1961-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'தி ஜெனிசிஸ் ஃப்ளட்' நூலுக்குப் பிறகு. பரிணாமத்தைக் கற்பித்தால் படைப்பியலையும் கற்பிக்கக் கட்டாயப்படுத்திய லூசியானா மாநிலச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1987-இல் செல்லாதென்றது.

நம்பிக்கை: அறிவியலோடு பொருந்தாததால் ஆதியாகமம் பொருளற்ற பழங்கதை.

உண்மை: அதன் பொருள் அண்டை நாட்டுக் கதைகளோடு ஒப்பிடும்போது புலப்படும். பாபிலோனியப் படைப்புக் காவியமான எனுமா எலிஷில் மர்துக் என்ற தெய்வம் தியாமத் என்ற கடல் தேவியைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானை அமைக்கிறது; தெய்வங்களின் பணிச்சுமையைத் தாங்கவே மனிதர் உண்டாக்கப்படுகின்றனர். ஆதியாகமத்தில் போர் இல்லை. அண்டை நாட்டார் வணங்கிய சூரியனும் சந்திரனும் இங்கே பெயர்கூடச் சொல்லப்படாத இரு சுடர்கள் மட்டுமே. ஆணும் பெண்ணும் கடவுளின் சாயல் பெறுகின்றனர். உலகம் யாருடையது, மனிதரின் மதிப்பு என்ன என்பவையே அதன் கேள்விகள்.

உலகம் எப்போது, எந்த வரிசையில் உருவானது என்பதற்கு விடை பாறையிலும் புதைபடிவத்திலும் விண்மீன் ஒளியிலும் இருக்கிறது. அந்த விடையை ஆதியாகமத்திலிருந்து வருவிக்க முயல்வது அறிவியலுக்கும் நியாயம் செய்யாது, அந்த நூலுக்கும் நியாயம் செய்யாது.