ஒரே பகலில் ஹூஸ்டன் – எல் பாசோ

கேள்வி: ஹூஸ்டனிலிருந்து எல் பாசோவுக்கு ஒரே நாளில் காரில் போய்விட முடியுமா?

பதில்: போகலாம், ஸ்டியரிங்கைப் பிடிக்க இரண்டு பேர் இருந்தால். ஐ-10 நெடுஞ்சாலையில் சுமார் 745 மைல். நிற்காமல் ஓட்டினாலே 11 மணி நேரம். விடிகாலை 4 மணிக்குக் கிளம்புங்கள். அலுவலக நெரிசல் தொடங்குமுன் ஹூஸ்டனைத் தாண்டிவிடலாம்.

கெர்வில், ஜங்ஷன் வரை மலைப்பாங்கான பசுமை. மான்கள் குறுக்கே பாயும், கவனம். அதன்பின் வறண்ட பூமி. 80 மைல் வேகத்துக்கு அனுமதி உண்டு. அங்கேதான் தூக்கம் கண்ணைச் சொருகும்! ஓசோனாவில் டேங்க்கை நிரப்பிவிடுங்கள். அடுத்த பெரிய ஊரான ஃபோர்ட் ஸ்டாக்டன் நூறு மைலுக்கு மேல். இடையில் செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். தண்ணீர் தாராளமாக இருக்கட்டும்.

மாலையில் மேற்கே ஓட்டுவதால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். கூலிங் கிளாஸ் அவசியம். எல் பாசோவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். ஓட்டல் அறை பதியும்போது குழம்ப வேண்டாம்.

திரும்பும் வழியில் சியரா பிளாங்கா அருகே எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. விசாவில் வந்திருப்பவர்கள் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.