தலைமன்னாருக்குப் பெரிய கப்பல் வருமா?

கேள்வி: பிள்ளைகளோடு உல்லாசக் கப்பலில் ஒருமுறை போக ஆசை. மன்னாரிலிருந்தே ஏற வழி பிறக்குமா? (வாசகி, பேசாலை)

பதில்: பெரிய கப்பல் வராது, அம்மா. அதன் அடிப்பாகம் நீருக்குள் ஏழெட்டு மீற்றர் இறங்கும். இராமர் அணைப் பக்கம் பல இடங்களில் கடல் இடுப்பளவுதான். 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த ‘எம்பிரஸ்’ கப்பல்கூட அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்றுதான் போனது.

ஆனால் குடும்பம் குடும்பமாய்க் கப்பலேறிய கரை உங்களுடையது! 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை, கொழும்பில் ரயிலேறியவர்கள் தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலுக்கு மாறி, முப்பது கிலோமீற்றர் கடந்து தனுஷ்கோடியில் மறுபடி ரயிலேறினார்கள். நீச்சல் குளமும் நாடக அரங்கும் அதில் இல்லை. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகிற சனம், சாப்பாட்டுப் பொட்டலம், தட்டில் நின்று அக்கரை தேடும் பிள்ளைகள். எனக்கு அந்தப் பயணமே பெரிதாகத் தெரிகிறது. புயலுக்குப் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில், போர்க்காலத்தில், நின்றுபோனது. அது திரும்ப வரவேண்டும்.

அதுவரை, ஒரு மாலை பிள்ளைகளைப் பழைய இறங்குதுறைக்குக் கூட்டிப்போங்கள். வெளிச்சவீடு இன்னும் நிற்கிறது.