சிலை எதற்கு என்று கேட்ட மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

உன் கடிதம் கிடைத்தது. நலமா என்று ஒரு வரிகூட இல்லை, எடுத்ததுமே சண்டை. ‘இங்கிலாந்தில் நியூகாசில் கால்பந்து மைதானத்தில் பாபி ராப்சனுக்குச் சிலை வைத்திருக்கிறார்களே, அந்த அணிக்கு அவர் ஒரு கோப்பையாவது வாங்கித் தந்தாரா?’ என்கிறாய். தரவில்லை. 1999 முதல் 2004 வரை அங்கே கோச்சாக இருந்தார், ஒன்றுகூட இல்லை. திருப்திதானே? இனி நான் சொல்வதைக் கேள்.

முதலில், அவரைக் கோப்பையே காணாத மனிதர் என்று நினைத்துவிடாதே. இப்ஸ்விச் என்ற சின்ன ஊர் அணியை 13 வருடம் வைத்திருந்து 1978-இல் எஃப்.ஏ. கோப்பையும் 1981-இல் யூஇஎஃப்ஏ கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். அந்த ஊரிலும் அவருக்குச் சிலை உண்டு. ஹாலந்து, போர்ச்சுகல், பார்சிலோனா என்று போன இடத்திலெல்லாம் ஜெயித்தார். நீ தலையில் வைத்துக் கொண்டாடும் கோச் மொரீனியோ, லிஸ்பனில் இவருக்கு மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தவர். ஆட்டக்காரர்களின் பெயர் மட்டும் இவர் வாயில் நிற்காது. ஆட்டக்காரர் பிரையன் ராப்சனை ஒருநாள் ‘பாபி’ என்று கூப்பிட, ‘பாபி நீங்கள்தான், நான் பிரையன்’ என்று அவர் திருத்தியதாக ஒரு கதை உண்டு. உன் பெரியப்பாவை நினைத்துக்கொள்.

ஆடிய காலத்தில் இங்கிலாந்துக்காக 20 ஆட்டம். அதற்கும் முன்னால், 15 வயதில், நிலக்கரிச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன் வேலை பழகிய பையன். அப்பா 51 வருடம் சுரங்கத்தில் இறங்கியவர். தவறவிட்டது ஒரே ஒரு ஷிப்டு. வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்காரத் தெரியாத குடும்பம் என்று வைத்துக்கொள். பின்னால் நடந்ததற்கு இது முக்கியம்.

1992-இல் குடலில் புற்றுநோய். அறுவை முடிந்தது, வேலைக்குத் திரும்பினார். 1995-இல் முகத்துக்குள்ளே இன்னொன்று. சைனஸ் தொல்லைதான் என்று இவர் பாட்டுக்கு இருந்தார். மனைவி எல்சி விடாமல் துரத்தியதால் டாக்டரிடம் போனார். மேல்வாயில் செயற்கைத் தட்டு பொருத்திக்கொண்டு வந்து, அடுத்த ஆண்டே போர்ட்டோ அணிக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2006-இல் பனிச்சறுக்கில் விழுந்து அடிபட்டதற்கு எக்ஸ்ரே எடுத்தால், நுரையீரலில் கட்டி. அதே வருடம் மூளையில். 2007-இல் மறுபடி நுரையீரல். இந்த முறை, எடுக்க முடியாது என்றார்கள்.

புற்றுநோய்க்காக அவர் தொடங்கிய அறக்கட்டளை வந்தது இதற்குப் பிறகுதான், 2008 மார்ச்சில். ‘பார்த்தாயா மாமா, தனக்கு வந்ததால்தானே செய்தார்?’ என்று துள்ளுவாய். துள்ளாதே. பாதி சரி, ஒத்துக்கொள்கிறேன். நான்கு முறை வந்தபோதெல்லாம் மைதானத்துக்குத் திரும்புவதுதான் அவர் நினைப்பு. ஐந்தாவது முறை திரும்ப வழியில்லை. அப்போதுதான் அவருக்குச் சிகிச்சை செய்த ரூத் பிளம்மர் என்ற மருத்துவர் உதவி கேட்டார். ஆனால் அவர் கேட்டது என்ன என்று பார். நியூகாசில் ஃப்ரீமன் மருத்துவமனையில் புது மருந்துகளைச் சோதிக்கும் ஒரு மையம். அதற்குக் கருவிகள் வாங்க 5 லட்சம் பவுண்டு.

ஆய்வுக்கூடத்தில் தேறிய மருந்தை முதல்முதலாக மனிதருக்குக் கொடுப்பது சும்மா இல்லை. சில நோயாளிகளுக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். நேரம் பார்த்து ரத்தம் எடுக்க வேண்டும், இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும், பக்கத்திலேயே நர்ஸ் இருக்க வேண்டும். அதற்குக் கட்டில் வேண்டும், ஆள் வேண்டும், கருவி வேண்டும். இப்படிச் சோதிக்கும் மருந்து கடைக்கு வரப் பல வருடம் ஆகும். அதுவரை தான் இருக்கப்போவதில்லை என்பது ராப்சனுக்குத் தெரியும்.

பணம் இரண்டு மாதத்துக்குள் சேர்ந்துவிட்டது. ‘புகழ் இருந்தால் கொட்டத்தானே செய்யும்?’ கொட்டும். ஆனால் புகழுள்ள எத்தனையோ பேர் ‘நோயற்ற உலகம்’ என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். இவர் எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு என்று சொல்லிக் கேட்டார். 2009 பிப்ரவரியில் மையத்தைத் திறந்தாயிற்று.

இன்னொன்று. ‘புற்றுநோயோடு போராடி வென்றவர்’ என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. அவர் வெல்லவில்லை. வெல்லாதவர்கள் சரியாகப் போராடாதவர்களா என்ன? வார்டில் படுத்திருப்பவரிடம் இந்தப் பேச்சைப் பேசிவிடாதே, புண்ணியமாகப் போகும்.

1990 உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்ற இங்கிலாந்துக்கு இவர்தான் கோச். அந்த ஆட்டக்காரர்களைத் திரட்டி, 2009 ஜூலை 26-ஆம் தேதி நியூகாசிலில் அதே ஆட்டத்தை அறக்கட்டளைக்காக மறுபடி ஆடினார்கள். முப்பதாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ராப்சனைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வந்தார்கள். இந்த முறை இங்கிலாந்து ஜெயித்தது. ஐந்தாவது நாள், 31-ஆம் தேதி, அவர் போய்விட்டார். நீ கேட்ட சிலை அதற்குப் பிறகு, 2012-இல் வைத்தது.

இனி நீ நடத்தப்போகும் டோர்னமெண்டுக்கு வருவோம். ஆஸ்பத்திரிக்காக நிதி திரட்டுவது நல்ல எண்ணம். ஆனால் போஸ்டரில் யார் படம் போடுவது என்றுதான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். முதலில் அந்த ஆஸ்பத்திரிக்கு நேரே போய், தலைமை நர்ஸிடம் என்ன இல்லை என்று கேள். அதன் பெயரையும் விலையையும் போஸ்டரில் பெரிதாகப் போடு. மிச்ச இடம் இருந்தால் உன் படத்தைப் போட்டுக்கொள்.

கடைசியாக, இரண்டு மாதமாக உனக்கு ஒரு பக்க மூக்கு அடைத்தபடியே இருக்கிறதாம். அக்கா போனில் சொன்னாள். சைனஸ்தான் என்று நீயே முடிவு செய்துவிட்டாயாம். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் திங்கட்கிழமை போய்க் காட்டிவிட்டு வா. அன்று சாயங்காலம் அக்காவிடம் கேட்பேன்.

அன்புடன்,
மாமா