சுட்டுவரிசையை எந்த வட்டில் வைப்பது?

நூலகத்தில் நூல் தேடுவோர் அலமாரி அலமாரியாகத் துழாவுவதில்லை. அட்டைப் பெட்டியைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே நூலிருக்கும் இடத்தை நாடுவர். கணிப்பொறியின் தரவுத்தளத்தில் அவ்வட்டைப் பெட்டியின் பணியைச் செய்வதே ‘இண்டெக்ஸ்’ எனப்படும் சுட்டுவரிசை. இதனைத் தரவு இருக்கும் வட்டிலேயே வைப்பதா, தனி வட்டில் வைப்பதா என்பது நெடுநாளைய வினா. தனி வட்டுக்குப் பணம் வேண்டும்; வேகம் குறைந்தால் சாளரத்தின் முன் வரிசையில் நிற்பவர் காத்திருக்க வேண்டும்.

சுழலும் வட்டில் காலத்தை விழுங்குவது படிப்பதன்று, படிக்கும் முனையின் பயணமே. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும்; வேண்டிய பகுதி முனைக்கு அடியில் வரச் சராசரியாக அதில் பாதி. முனை தடம் மாறச் சுமார் 9 மில்லி விநாடி. ஆக, ஓரிடத்தைத் தொட ஏறக்குறைய 13 மில்லி விநாடி. விநாடிக்கு 75 தடவை என்று கொள்ளலாம்.

தனி வட்டில் வைத்தால் சுட்டுவரிசையும் தரவும் ஒரே நேரத்தில் படிக்கப்படும் என்பர் பலர். இஃது அரை உண்மை. அட்டையைப் பார்க்குமுன் அலமாரிக்குச் செல்ல இயலுமா? ஒருவர் கேட்கும் ஒரு வினாவுக்கு முதலில் சுட்டு, பின்னரே தரவு. பலர் ஒரே வேளையில் கேட்கும்போதுதான் இரண்டாம் வட்டு உதவும். அதுவும் பளுவைப் பங்கிட்டதால் வரும் பயன்; இரண்டு வட்டுகளிலும் எல்லாவற்றையும் சமமாகப் பரப்பி வைத்தாலும் கிட்டும்.

1972இல் பேயர், மெக்ரைட் இருவரும் வெளியிட்ட பி-மர அமைப்பைக் கருதுக. பக்கத்திற்கு 200 சாவிகள் எனில் மூன்றே அடுக்குகளில் 80 லட்சம் பதிவுகள் அடங்கும். மேலிரண்டு அடுக்குகளுக்கு 201 பக்கங்களே. பக்கம் 8 கிலோபைட் என்றாலும் ஒன்றரை மெகாபைட்டுக்குச் சற்றே அதிகம். அவை நினைவகத்திலேயே தங்கிவிடும். வட்டை நாடுவது கடைசி அடுக்குக்கு ஒருமுறை, தரவுக்கு ஒருமுறை. எனவே சுட்டுவரிசைக்குச் சிறந்த இடம் நினைவகமே என்பது என் துணிபு.

இரண்டாம் வட்டு வாங்கினால், மாற்றங்களைக் குறித்துவைக்கும் ‘லாக்’ கோப்புக்கே அதை முதலில் ஒதுக்குவேன். அது வரிசையாக எழுதப்படுவது, முனை அலையவேண்டியதில்லை. அக்குறிப்பு எழுதி முடியும்வரை ஒவ்வொரு மாற்றமும் காத்து நிற்கிறதல்லவா!

இன்றைய எஸ்.எஸ்.டி.யில் முனையுமில்லை, சுழற்சியுமில்லை. மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கிலேயே ஒரு பக்கம் வந்துவிடும். அதுவும் சுழலும் வட்டும் சேர்ந்துள்ள கணிப்பொறியில்தான் பழைய வினா மீண்டும் உயிர்பெறும். போஸ்ட்கிரெஸ் 8.0 பதிப்பில், 2005இல் வந்த ‘டேபிள்ஸ்பேஸ்’ வசதியால், அடிக்கடி தேடப்படும் சுட்டுவரிசையை மட்டும் வேகமான வட்டுக்கு மாற்றலாம். மாற்றியவர் ‘ரேண்டம் பேஜ் காஸ்ட்’ என்னும் மதிப்பையும் குறைக்க வேண்டும். அதில் இயல்பாக உள்ள 4 என்பது சுழலும் வட்டை எண்ணி வைத்தது; அப்படியே விட்டால், சுட்டுவரிசை இருந்தும் தரவுத்தளம் அதைத் தொடாமல் முழு அட்டவணையையும் படிக்கக்கூடும்.