பழைய துவிச்சக்கரவண்டிக்கு ஏற்ற தலைத்தொகுதியைத் தெரிதல்

துவிச்சக்கரவண்டி எளியோரின் ஊர்தி. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு நம் நாட்டை வருத்தியபோது, அதன் அருமையைப் பலரும் மீண்டும் உணர்ந்தனர். புதிய வண்டியின் விலை உயர்ந்துவிட்டமையால், தந்தையரும் பாட்டனாரும் ஓட்டிய பழைய வண்டிகளைச் செப்பனிட்டுக் கொள்ளும் எண்ணமும் எழுந்தது. அவ்வெண்ணம் போற்றத்தக்கதே. ஆயினும் மாத்தளை மாவட்டத்து வீதிகள் சமதரையில் அமைந்தவையல்ல. இரத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் நோக்கி ஏறும் வீதியை அறிந்தோர், அவ்விறக்கத்தில் வண்டியின் முன்சில்லு ஓட்டுவோன் சொற்கேளாது திரும்புமாயின் விளைவது யாது என்பதையும் அறிவர். முன்சில்லைச் சொற்கேட்கச் செய்யும் உறுப்பு, கடைக்காரர் ‘ஹெட்செட்’ என வழங்கும் தலைத்தொகுதியாகும். அது தேய்ந்தவிடத்து மாற்றுத் தொகுதியைத் தெரிந்தெடுக்கும் முறையினை ஈண்டு ஆராய்வோம்.

உறுப்புக்கள்

வண்டிச் சட்டத்தின் முன்னே நிற்கும் குறுங்குழாய் தலைக்குழாய் எனப்படும். முன்சில்லைத் தாங்கும் கவையின் தண்டு அதனுள் நுழைந்து மேலே தோன்றும். தலைக்குழாயின் இருமுனைகளிலும் ஒவ்வொரு கிண்ணம் இறுக்கிப் பதிக்கப்பட்டிருக்கும். கவையின் தோளில் அடிவளையம் ஒன்று அமர்ந்திருக்கும். தண்டின் மேன்முனையில் மரை வெட்டப்பட்டு, அதில் மரையுள்ள மேல்வளையமும் அதன்மேற் பூட்டுச்சுரையும் திருகப்பட்டிருக்கும். வளையங்களுக்கும் கிண்ணங்களுக்கும் இடையே உருக்குக் குண்டுகள் கிறீசிற் கிடந்து உருளும்.

இவற்றுள் மரையோடு தொடர்புடையவை மேல்வளையமும் பூட்டுச்சுரையும் ஆகிய இரண்டே. ஏனையவை மரையின்றி இறுக்கத்தால் நிற்பவை. இவ்வேறுபாட்டை மாணாக்கர் மனத்திற் கொள்க. பின்னர் இது பெரிதும் பயன்படும்.

தேய்வின் இயல்பு

வண்டி பெரும்பாலும் நேரே செல்வது. ஆதலாற் குண்டுகள் நெடுங்காலம் ஒரே இடத்தில் நின்று அதிர்வைத் தாங்குகின்றன. அவ்விடத்திற் கிறீஸ் விலக, உலோகம் உலோகத்தோடு உரைந்து சிறு குழிகள் தோன்றும். பின்னர்க் கைபிடியைத் திருப்பும்போது, நேர்நிலையில் ஏதோ ஒன்று பற்றிப் பிடிப்பதுபோற் படும். சில்லு தரையிலிருந்து பெறும் அதிர்வு முதலிற் சென்று சேர்வது கீழ்ச்சோடியையே. ஆகவே கீழ்க்கிண்ணமும் அடிவளையமும் முன்னரே பழுதுறுதலும், மேலுள்ள மரையுறுப்புக்கள் நன்னிலையில் இருத்தலும் இயல்பு.

மரையின் வேற்றுமை

‘மரை’ என்னுஞ் சொல் நக்கிள்ஸ் மலைக்காட்டில் வாழும் விலங்கையுங் குறிக்கும்; திருகாணியின் புரியையுங் குறிக்கும். ஒரு சொல்லுக்கு இரு பொருள் உண்டாதல் போல, ஒரே பருமனுள்ள தண்டுக்கு இருவகை மரை உண்டு. இங்கேதான் இடர் தோன்றுகின்றது.

ஆங்கில வண்டிகளின் கவைத்தண்டு பெரும்பாலும் 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீற்றர் விட்டமுடையது. பொதுவழக்கில் அதன் மரை அங்குலத்துக்கு 24 புரி கொண்டது. இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் பிராங்க் பவுடன் என்பாரின் முயற்சியால் வளர்ச்சியுற்ற றலி நிறுவனமோ தன் வண்டிகளுக்கு 26 புரியையே கையாண்டது. அந்நிறுவனம் 1932இல் ஹம்பர் வண்டியின் பெயரையும், 1943இல் றட்ஜ் வண்டியின் பெயரையும் தனதாக்கிக் கொண்டது. பின்னர் 1960இல் ஏற்பட்ட இணைப்பினால் ஹேர்க்கூலிஸ், பிலிப்ஸ் என்பனவும் அதே குடைக்கீழ் வந்தன. ஆதலின் வண்டியின் முகப்பிலுள்ள இலச்சினையை மட்டும் நோக்கி மரையை முடிவு செய்தல் ஆகாது. எண்ணியே அறிதல் வேண்டும்.

எண்ணும் முறை எளிது. தண்டின் மரையைத் துடைத்துத் தூய்மையாக்கி, அரை அங்குல நீளத்துட் புரிகளை எண்ணுக. 12 ஆயின் அது 24 புரி மரை. 13 ஆயின் 26 புரி மரை. பாடசாலை ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானி கிடைக்குமாயின், 10 புரிகளின் நீளத்தை அளக்க. 24 புரி மரையில் அது ஏறத்தாழ 10.6 மில்லிமீற்றர்; 26 புரி மரையில் 9.8 மில்லிமீற்றர்.

இவ்வளவு சிறிய வேற்றுமையை ஏன் பாராட்டுதல் வேண்டும் என வினவலாம். 24 புரிச் சுரை 26 புரித் தண்டில் ஓரிரு சுற்று இசைந்து செல்வதுபோலத் தோன்றும், அதன்பின் இறுகும். வலிந்து திருகுவோர் தண்டின் மரையை அழித்துவிடுவர். நன்னூல் கூறும் விகாரப் புணர்ச்சி மூன்றனுள், ஈண்டு நிகழ்வது கெடுதல் ஒன்றே. சுரை கெட்டால் வேறொன்று வாங்கலாம். பழைய கவை கெட்டால் அதற்கொப்பானது கிடைத்தல் அரிது.

ஏனைய அளவுகள்

மரை ஒத்துவிட்டால் எல்லாம் ஒத்தன என்று கொள்ளற்க. கிண்ணம் பதியும் அளவு பொதுவாக 30.2 மில்லிமீற்றர், அடிவளையம் அமரும் தோளின் அளவு 26.4 மில்லிமீற்றர். யப்பானிய முறையிற் செய்யப்பட்டவற்றில் இவை முறையே 30.0, 27.0 ஆகும். 27.0 வளையத்தை 26.4 தோளில் இட்டால் அது தளர்ந்து ஆடும். தகட்டுத் துண்டு செருகி இறுக்குதல் நிலைபேறான மருந்தன்று. குண்டுகளிலும் 5/32 அங்குலம், 3/16 அங்குலம் என வேறுபாடு உண்டு. கிண்ணத்துக்கு உரியதையே இடுக.

அடுத்தது உயரம். கவைத்தண்டின் நீளத்தைத் தோளிலிருந்து அளந்து, அதிலிருந்து தலைக்குழாயின் நீளத்தைக் கழிக்க. எஞ்சுவதே தலைத்தொகுதிக்குரிய இடம். புதிய தொகுதி அதனினும் உயர்ந்ததாயின் பூட்டுச்சுரைக்குப் போதிய மரை கிட்டாது, அது பேராபத்து. தாழ்ந்ததாயின், சுரை இறுகுமுன் தண்டின் முனையில் முட்டும். அப்போது இடைவளையம் இட்டு நிரப்பலாம். பழைய வண்டிகளில் விளக்குத் தாங்கியும் பூட்டுச்சுரையின் கீழ் அமைவதுண்டு. அதன் தடிப்பையும் கணக்கிற் சேர்க்க.

தெரியும் வழி

தண்டு 24 புரியாயின், அளவொத்த புதிய தொகுதியை முழுமையாக வாங்குக. 26 புரியாயின் மூவழி உண்டு. முதலாவது, பழைய உதிரிகளுள் அதே மரையுடைய தொகுதியைத் தேடுதல். இரண்டாவது, நாம் முன்னர்க் குறித்த வேறுபாட்டைப் பயன்படுத்தல்: மேற்சோடியையும் பூட்டுச்சுரையையும் அவ்வாறே காத்து, தேய்ந்த கீழ்ச்சோடியை மட்டும் புதிய தொகுதியிலிருந்து எடுத்து மாற்றுதல். கீழ்ச்சோடிக்கு மரையில்லாமையால் இது பெரும்பாலும் கைகூடும். உயரத்தை மட்டும் மீண்டும் சரிபார்க்க. மூன்றாவது, 26 புரியின்மேல் 24 புரி வெட்டுவித்தல். இதனால் இரு மரையும் ஒன்றையொன்று அறுத்து வலிகுன்றும், மீட்கவும் இயலாது. வேறு வழியற்றவிடத்தன்றி இதனை நாம் பரிந்துரையோம்.

பொருத்தியபின் இரு சோதனை செய்க. முன் பிறேக்கை அழுத்தி வண்டியை முன்பின் அசைக்கும்போது கிண்ணத்தருகே ஆட்டம் தோன்றலாகாது. முன்சில்லைத் தூக்கிப் பிடிக்கும்போது கைபிடி தானாகவே இருபுறமும் தடையின்றிச் சாய்தல் வேண்டும். முதற்சோதனை தளர்வையும், இரண்டாவது மிகையிறுக்கத்தையும் காட்டும். சில நாள் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை பார்த்தல் நலம்.

நம் கல்லூரி மாணாக்கர் இதனை ஒரு வண்டிக்குரிய நுணுக்கமாக மட்டுங் கொள்ளாது, கைத்தொழில் அனைத்துக்குமுரிய ஒழுங்காகவும் கொள்வாராக. பழையது என்பதனால் எல்லாவற்றையும் எறிதலும் வேண்டா. புதியது என்பதனால் எதையும் வலிந்து புகுத்தலும் வேண்டா. கடைக்குச் செல்லுமுன் வீட்டில் அளந்து, அளவுகளைத் தாளிற் குறித்துக்கொண்டு, கழற்றிய பழைய உறுப்பையும் கையில் எடுத்துச் செல்க. நாழிகை ஒன்றில் முடியும் அச்சிறு பணி, மலையிறக்கத்தில் ஓட்டுவோன் உயிரைக் காக்கும்.