வீட்டுக் கடன்: 9 பெரிதா, 12 பெரிதா?



போன மாதம் குரங்கணி குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஒரு உறுப்பினர் எங்களிடம் இரண்டு தாள்களை நீட்டினார். போடியில் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வருகிறதாம். கையிருப்பு போக 3 லட்சம் கடன் வேண்டும். ஒரு வீட்டுக்கடன் நிறுவனம் 12 சதவீத வட்டி சொல்கிறது. வீடு தேடி வந்த இன்னொரு நிதி நிறுவன ஊழியர் 9 சதவீதம் என்கிறார். இரண்டுக்கும் தவணை 10 வருடம்.

"ஒம்போதுதானே மேடம் கம்மி, அங்கேயே வாங்கிரவா?" என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

தாளை வாங்கிப் பார்த்தோம். 9 சதவீதம் என்பது நேர் வட்டி. அதாவது அசல் எவ்வளவு கட்டி முடித்தாலும், கடைசி மாதம் வரை முழு 3 லட்சத்துக்கும் வட்டி. வருடத்துக்கு 27,000 வீதம் 10 வருடத்துக்கு 2,70,000 ரூபாய் வட்டி. மாதத் தவணை 4,750. மற்றது குறையும் வட்டி. நம்ம குழுக் கடனில் அசல் கட்டக் கட்ட வட்டி இறங்குகிறதே, அதே கணக்குதான். 12 சதவீதத்தில் தவணை சுமார் 4,304 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 2,16,500. ஆக, 'கம்மி வட்டி' கடனில்தான் 53,000 ரூபாய்க்கு மேல் கூடப் போகிறது! குழு லெட்ஜரை மாதாமாதம் எழுதுகிற பெண்களே இதில் ஏமாறப் பார்த்தோம்.

அதனால் முதலில் "நேர் வட்டியா, குறையும் வட்டியா?" என்று கேளுங்கள். பிறகு 'முக்கிய விவர அறிக்கை' கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இதைக் கடன்காரருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. பிராசஸிங் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த வருட வட்டி அதில் இருக்கும். அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. தர மறுக்கிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம்ம பக்கம் ஏலத்தோட்ட வேலை வருடம் முழுக்க ஒரே சீராக இருக்காது. தவணையோ மாதாமாதம் வரும். காய் எடுக்கிற மாதங்களில் கூடுதலாகக் கட்ட முடியுமா என்று கேட்டு வையுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது.

இன்னொன்று. மலைச்சரிவில் தோட்டத்து லைன் வீடு, வனத்துறை இடம் இவற்றுக்குப் பட்டா கிடையாது. அதை நம்பி வங்கிக் கடன் கிடைக்காது. "பட்டாவே வேண்டாம், கடன் தர்றோம்" என்று யாராவது சொன்னால் உஷார். போடியில் வாங்கினாலும் பட்டா, மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று மூன்றையும் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். பத்திரம் பெண் பேரில் என்றால், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகையை அரசு 2025 ஏப்ரலில் கொண்டுவந்தது. வீட்டுக்காரரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்!

கடன் முடிந்ததும் அசல் பத்திரத்தை 30 நாளில் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும்.

அந்த உறுப்பினர் இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. முதலில் வில்லங்கம் போடச் சொல்லியிருக்கிறோம். நம்ம குழுக் கணக்கு இருக்கிற வங்கியிலும் வட்டி விசாரிக்கப் போகிறார். உங்களிடமும் இப்படி ஏதாவது தாள் இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.