டிரில் ஜிக் செய்யும்போது பின்னைக் கவனியுங்கள்

ஐந்நூறு துண்டுகளிலும் துளை ஒரே இடத்தில் விழ வேண்டுமா? குறி போட்டு, பஞ்ச் அடித்துச் செய்தால் கட்டுப்படியாகாது. ஜிக் செய்துகொள்ளுங்கள். வரைபடத்தில் அளவுகள் எந்த முகத்திலிருந்து தொடங்குகின்றனவோ, ஜிக்கிலும் அதுவே ஆதாரம். இதில் பேச்சே கிடையாது.

பலர் தடுக்கி விழுவது பின்னில்தான். ஏற்கெனவே ரீமர் போட்ட இரண்டு துளைகளில் துண்டை உட்கார வைக்கிறோம் என்று வையுங்கள். இரண்டு உருண்டைப் பின்களை இறுக்கமாகப் போட்டுவிடுகிறார்கள். முதல் துண்டு அழகாக உட்காரும். ஆனால் துளைகளின் இடைவெளி துண்டுக்குத் துண்டு கொஞ்சம் மாறும். மாறிய துண்டு வந்ததும் ஆபரேட்டர் சுத்தியலை எடுப்பார், இல்லையென்றால் பின்னைத் தேய்த்துவிடுவார். ஜிக்கின் கதை அதோடு முடிந்தது.

ஒரு பின் உருண்டை, மற்றது டைமண்ட் பின். இதுதான் வழி. டைமண்ட் பின்னின் சீவிய பக்கங்கள் உருண்டைப் பின்னை நோக்கியும் அதற்கு நேர் எதிரேயும் இருக்க வேண்டும். தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்தால் இடைவெளி வித்தியாசத்துக்கும் இடம் கொடுக்காது, துண்டு சுழல்வதையும் தடுக்காது. பின்களை முடிந்த அளவு தள்ளி வையுங்கள். தூரம் இரட்டித்தால் கோணப் பிழை பாதியாகும். ஒரு பின் மற்றதைவிடக் குட்டையாக இருக்கட்டும். இரண்டு துளைகளையும் ஒரே நேரத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

டிரிலை வழிநடத்தும் புஷ்ஷை லேத்தில் கடைந்து மிச்சம் பிடிக்காதீர்கள், கடினப்படுத்தியதையே வாங்குங்கள். புஷ்ஷுக்கும் துண்டுக்கும் நடுவே ஸ்டீலுக்கு ஏறக்குறைய டிரில் விட்டம், வார்ப்பிரும்புக்கு அதில் பாதி இடைவெளி விட்டால் சீவல் வெளியேறும். ஒட்டி வைத்தால் சீவல் புஷ் வழியாகவே ஏறி அதை அரிக்கும்.

கிளாம்ப், தாங்கிக்கு நேர் மேலே அழுத்தட்டும். நடுவில் அழுத்தினால் மெல்லிய தகடு வளையும். கழற்றியதும் நிமிர்ந்துகொள்ளும், துளை சாய்ந்துவிடும்.

கரடான வார்ப்பைத் தாங்க மூன்று புள்ளி போதும், நான்கு வைத்தால் ஆடும். ஜிக்கின் கால்கள் மட்டும் நான்கு. அடியில் சீவல் சிக்கினால் ஆட்டம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று கால் என்றால் சாய்ந்தபடியே சத்தமில்லாமல் நிற்கும்.

துண்டைத் தலைகீழாக வைக்க முடியாதபடி ஒரு தடுப்புப் பின்னும் அடித்துவிடுங்கள். இரவு ஷிப்டுக்கு அது அவசியம்.